பரிசும் விரதமும்



சென்ற ஆண்டு தசலட்சண பருவம் தொடங்கிய நாளன்று, எம்முடன் வளர்ந்துவரும் பத்து வயதுப் பேரன், "பாட்டி, இந்தப் பத்து நாளும் இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டு, இரவில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் எனக்கு என்ன தருவீர்கள்?" என்று வினவினான். அதே வாரத்தில் வந்தவாசிப் பக்கத்து ஊரிலிருந்து உறவினர் ஒருவர் எழுதிய மடலும் வந்தது. கோடை விடுமுறையில் தம் ஊரில் நடைபெறும் சமய வகுப்பில், இரவு உண்ணாமையைக் கடைப்பிடிக்கும் சிறார்க்கு நாளொன்றுக்கு இவ்வளவு எனப் பணப் பரிசு வழங்க எண்ணியிருப்பதாகவும், ஆசிரியப் பணியில் நெடுங்காலம் இருந்த நம்முடைய கருத்தை அறிய விரும்புவதாகவும் அவர் எழுதியிருந்தார்.

இரண்டும் ஒரே வினாதான். அதற்கு எளிதாக விடை சொல்லிவிட இயலாது. நம் சமுதாயம் சிறியது. பிள்ளைகள் கல்விக்கும் வேலைக்குமாக ஊரை விட்டு வெகுதொலைவு சென்றுகொண்டிருக்கின்றனர். ஒரு தலைமுறை கைவிட்ட விரதத்தை அடுத்த தலைமுறை பெயரளவிலும் அறியாது. ஆதலின், "எப்படியாவது கடைப்பிடிக்கட்டும், காரணம் எதுவாயினும் ஆகுக" என்னும் பெற்றோரின் பதைப்பை நாம் குறை கூறவில்லை; நமக்கும் அப்பதைப்பு உண்டு. ஆயினும், பரிசினால் முயற்சி வளருமா, முயற்சி தேயுமா என்பதை ஆராயாமல் விடை கூறுவது தகாது. அவ்வாராய்ச்சிக்கு நம் வாழ்வில் நேர்ந்த ஒரு பிழையையே முதற் சான்றாக வைக்கின்றோம்.

நாற்பது மரக்கன்றுகள்

நாம் வாழ்வது வருசநாட்டு மலைகளின் அடிவாரத்தில், மூல வைகை பாயும் மயிலாடும்பாறைப் பகுதியில். இப்பகுதி தேனி மாவட்டமாக 1996இல் பிரிக்கப்படும் முன்னர் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1970களின் இறுதியில் இப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் நாம் பணியாற்றியபோது, வேம்பும் புங்கமுமாக நாற்பது கன்றுகளை நட்டோம். அவ்வாண்டு மழை பொய்த்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் ஊரார் நீர் எடுத்தனர். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, எவரும் சொல்லாமலே, நாள்தோறும் காலையில் ஒரு சிறு குடம் நீர் கொணர்ந்து இரண்டு கன்றுகளுக்கு ஊற்றி வந்தாள். அவளைக் கண்டு இன்னும் மூவர் சேர்ந்தனர்.

நாமோ ஆசிரியப் பயிற்சியில் தார்ண்டைக்கின் மூன்று விதிகளை மனப்பாடம் செய்து தேறியவர்கள். ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி என்பன அவை. இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்பது விளைவு விதி. கூண்டில் அடைபட்ட பூனை, தாழை நீக்கி வெளிவந்து உணவு பெற்ற பின்னர், அத்தாழை மேலும் மேலும் விரைவாக நீக்கக் கற்றுக்கொண்டதை 1898இல் அவர் எழுதினார். பூனைக்குப் பொருந்துவது பிள்ளைகட்கும் பொருந்தும் எனக் கருதி, ஒரு மாதத்தில் மிகுதியான குடங்கள் ஊற்றுவோர்க்கு நோட்டுப் புத்தகமும் பேனாவும் பரிசு என்று அறிவித்தோம்.

முதல் வாரம் குடங்கள் பெருகின. இரண்டாம் வாரம் அரைக் குடங்கள் வந்தன. மூன்றாம் வாரம், கணக்கு எழுதும் திண்ணைக்கு அருகிலிருந்த கன்றுகள் நீர் மிகுந்து அழுகின. தொலைவில் இருந்தவை வாடின. எண்ணிக்கையில் பொய் கூறியதாக இரு பிள்ளைகள் சண்டையிட்டனர். மாத இறுதியில் பரிசு கொடுத்தோம். மறு மாதம் முதல் நாள் ஒரு குடமும் வரவில்லை. அச்சிறுமியை அழைத்துக் கேட்டபோது, "இந்த மாசம் பரிசு இல்லையே டீச்சர்" என்றாள். அவள் குற்றம் செய்யவில்லை. பரிசுக்கு முன்னர் அவளிடம் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் வேறொன்றை வைத்தவர்கள் நாமே.

ஆய்வாளர் கண்டவை

இது நம் பள்ளியில் மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னாளில் நூல்களால் அறிந்தோம். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர், ஓவியம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு, "வரைந்தால் பரிசுச் சான்று தருவோம்" என்று முன்னரே கூறப்பட்டது. இன்னொரு பிரிவினர்க்கு, வரைந்த பின் எதிர்பாராமல் அதே சான்று தரப்பட்டது. மூன்றாம் பிரிவினர்க்கு ஒன்றும் தரப்படவில்லை. சில நாள்கள் கழித்து வண்ணக் கோல்களைப் பொதுவில் வைத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே பரிசு உறுதி செய்யப்பட்ட குழந்தைகள், ஏனைய இரு பிரிவினரும் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியே வரைவதில் செலவிட்டனர். எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆர்வமோ குன்றவில்லை. ஆகவே, பரிசுப் பொருளினும் பரிசைப் பற்றிய எதிர்பார்ப்பே விருப்பத்தை உண்டது என்க.

நம் மதுரைப் பக்கத்திலேயே நிகழ்ந்த ஆய்வு ஒன்றும் உண்டு. ஏரியலி, நீசி, லோவன்ஸ்டீன், மசார் என்னும் நால்வர் நடத்தி 2009இல் வெளியிட்ட அவ்வாய்வில், கிராமப்புறத்தார் 87 பேர் நினைவாற்றல், கைத்திறன் முதலியன வேண்டும் ஆறு விளையாட்டுகளில் ஈடுபடுத்தப்பட்டனர். விளையாட்டு ஒன்றுக்கு மிகுதியாகக் கிடைக்கக்கூடிய பரிசு சிலர்க்கு 4 ரூபாய். சிலர்க்கு 40 ரூபாய். சிலர்க்கு 400 ரூபாய். ஆறிலும் 400 ரூபாய் வென்றால், அக்காலத்தில் அப்பகுதியில் ஒருவர் ஏறத்தாழ அரை ஆண்டு செலவிடும் தொகை கைக்கு வந்துவிடும். அத்துணைப் பெரும் பரிசுக்கு ஆடியவர்களே மூன்று பிரிவினருள் மிகத் தாழ்வாக ஆடினர். கவனம் செயலை விட்டு அதன் பயனிடம் ஓடியிருக்கலாம். 87 பேரிடம் நிகழ்ந்த ஓர் ஆய்வை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது எனினும், தேர்வுக் காலத்தில் பிள்ளைகளிடம் மிதிவண்டி, கைப்பேசி என்று ஆசை காட்டும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.

நிதானம் என்னும் முள்

மேனாட்டார் இதனை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தனர். நம் முன்னோர் இதற்கு ஒரு பெயரே இட்டு வைத்துள்ளனர். அது நிதானம். இன்று 'பொறுமை' என்னும் பொருளில் வழங்கும் சொல்லை ஈண்டு நினைத்தலாகாது. தவத்திற்கும் விரதத்திற்கும் கைம்மாறாக இன்னது எனக்கு வேண்டும் என்று உறுதி கொள்வதே ஆகமம் கூறும் நிதானமாகும். மாயை, மித்தியாத்துவம், நிதானம் என்னும் மூன்றும் சல்லியங்கள், அஃதாவது உள்ளே தைத்து நிற்கும் முட்கள். இம்முட்கள் நீங்கியவரே விரதி எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி அருளினார். முள் தைத்த காலுடன் நெடுவழி நடக்க இயலாது அன்றோ?

மகாவீரப் பெருமானின் முற்பிறவி வரலாற்றிலேயே இதற்குச் சான்று உள்ளது. இராசகிருகத்து இளவரசன் விசுவநந்தி பேராற்றல் உடையவன். தன் சோலையைக் கவர்ந்த தாயாதி விசாகநந்தியோடு பொருது, அவன் ஒளிந்துகொண்ட கற்றூணையும் கையால் தகர்த்தான். பின் உலகியலை வெறுத்துத் துறவு பூண்டான். நெடுநாள் நோன்பினால் உடல் மெலிந்து மதுராபுரியில் சரியை செல்கையில், கன்று ஈன்ற பசு ஒன்று முட்ட, நிலத்தில் வீழ்ந்தான். மாடத்திலிருந்து அதனைக் கண்ட விசாகநந்தி, தூணைத் தகர்த்த வலிமை எங்கே போயிற்று என நகைத்தான். அந்நகைப்பைத் தாங்காத முனிவன், தன் தவத்தின் பயனாக இவனைக் கொல்லும் வலிமை தனக்கு வாய்க்க வேண்டும் என நிதானம் செய்துகொண்டான். அவன் கேட்டது கிடைத்தது. வானுலக இன்பத்திற்குப் பின் அவனே திவிட்டனாகப் பிறந்து, பகைவனை வென்று, மூன்று கண்ட பூமியை ஆண்டான். நம் சூளாமணிக் காப்பியத் தலைவன் அவனே. ஆனால், அவ்வாழ்வின் முடிவு ஏழாம் நரகம். பின்னர்ச் சிங்கமாகப் பிறந்து, சாரண முனிவர் இருவரின் அறவுரை கேட்டுத் தெளிந்த பின்னரே வீட்டுநெறி திரும்பவும் தொடங்கிற்று.

இவ்வரலாற்றில் தவம் குறைவுபட்டது என்று எவரும் சொல்ல இயலாது. பரிசும் கிடைக்காமல் போகவில்லை. பரிசு கிடைத்ததே கேடாயிற்று. ஒன்பது பதார்த்தங்களுள் ஆஸ்ரவத்தை நம் தமிழ் நூலோர் ஊற்று என்றும், நிர்ஜரையை உதிர்ப்பு என்றும் வழங்குவர். உதிர்ப்பதற்காகச் செய்யப்படும் விரதத்தினுள் பரிசாசையை வைப்பது, நீரை இறைத்துக்கொண்டே ஆற்று மணலில் புதிய ஊற்றைத் தோண்டுவதற்கு ஒப்பாகும். இறைக்க இறைக்க அது சுரந்துகொண்டே இருக்கும்.

எதிர்பார்ப்பு எத்துணை வலியது என்பதை நரம்பியல் அறிஞர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளிடம் கண்டார். பழச்சாறு கிடைக்கும்போது மூளையின் டோப்பமின் உயிரணுக்கள் முதலில் கிளர்ந்தன. சாற்றுக்கு முன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கிய பின்னரோ, அடையாளத்தைக் கண்டபோதே கிளர்ச்சி எழுந்தது. சாறு வந்தபோது எழவில்லை. அடையாளம் காட்டிவிட்டுச் சாறு தராதபோது, அவ்வணுக்களின் இயக்கம் இயல்பினும் தாழ்ந்தது. நேற்று மகிழ்ச்சி தந்த பரிசு இன்று உரிமையாகின்றது; நாளை அது வராவிடில் ஏமாற்றமாகின்றது. நம் மாணவி கூறிய சொல்லின் பொருளும் இதுவே.

முயற்சிக்குத் தடை எது?

"அவ்வாறாயின் பிள்ளைகளை எதைக் கொண்டு ஊக்குவது? பரிசு இல்லையெனில் எவன் முயல்வான்?" என்று கேட்கலாம். இவ்வினாவினுள், முயற்சி என்பது உயிர்க்கு இயல்பன்று, வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டியது என்னும் எண்ணம் மறைந்துள்ளது. நம் சமயம் அவ்வாறு கூறவில்லை. அளவிறந்த வீரியம் உயிரின் குணம். எண்வினைகளுள் ஒன்றாகிய அந்தராயம் அதனை மறைத்து நிற்கின்றது. தானம், இலாபம், போகம், உபபோகம், வீரியம் ஆகிய ஐந்தையும் தடுப்பதால் அது ஐவகைப்படும். அவற்றுள் முயற்சியைத் தடுப்பது வீரியாந்தராயம். தடை நீங்கிய அளவில் வீரியம் தானே வெளிப்படும்.

சலமோன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் எலிகளைக் கொண்டு செய்த சோதனை ஒன்று உண்டு. உயிர்களைத் துன்புறுத்தும் இத்தகு சோதனைகள் நமக்கு உடன்பாடல்ல எனினும், அவற்றால் அறியவந்ததை மறைப்பதும் முறையன்று. ஒரு வழியில் சிறிதளவு உணவு எளிதாகக் கிடைக்கும். மற்றொரு வழியில் வேலி ஒன்றைத் தாண்டினால் மிகுதியாகக் கிடைக்கும். இயல்பான எலிகள் வேலியைத் தாண்டின. டோப்பமின் குறைக்கப்பட்ட எலிகள் எளிய வழியையே நாடின. அவற்றுக்கு உணவின்மேல் உள்ள விருப்பம் போய்விடவில்லை. ஏறிக் கடக்கும் ஊக்கமே குன்றியது. அவ்வேலியை எடுத்துவிட்டால் அவையும் மிகுதியான உணவையே நாடின.

இதனைப் படித்தபோது பழைய மாணவன் ஒருவன் நம் நினைவிற்கு வந்தான். காலைப் பாடவேளையில் நாள்தோறும் தூங்கி விழுவான். அவனைச் 'சோம்பேறி' என்று வகுப்பறிய அழைத்தோம். விடியுமுன் ஆடுகளைக் காட்டில் விட்டு, காலையில் ஒன்றும் உண்ணாமல், மலையடிவாரச் சிற்றூரிலிருந்து நடந்தே வருகிறான் என்பது பல மாதங்கள் கழித்தே தெரிந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. ஆனால், அச்சிறுவனுக்கு வேண்டியது காலை உணவு. அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டதைச் செய்தியில் கண்டபோது, நம் கண்கள் நனைந்தன. அவ்வுணவு படிப்பவர்க்குத் தரும் பரிசன்று. நன்றாகப் படித்தாலும் படிக்காவிடினும் தட்டில் விழுவது. அது வேலியைத் தாழ்த்துவது. முயலாதவனைக் கண்டால் பரிசை உயர்த்துவதற்கு முன், அவன் முன் நிற்கும் வேலி எது என வினவுதல் வேண்டும் என்பதை அச்சிறுவனே நமக்குக் கற்பித்தான்.

பயன் நம் கையில் இல்லை

முயற்சிக்கும் பயனுக்கும் இடையே உள்ள தொலைவையும் பிள்ளைகட்கு உணர்த்த வேண்டும். மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் அணை, பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் பொறுப்பில் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றபோதும், காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டபோதும் பணி தொடர்ந்தது. அந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கு வயல்கள் செழித்தன. நம் மயிலாடும்பாறைக்கோ அந்நீர் வருவதில்லை. மலையில் மழை பெய்து மூல வைகை ஓடினால்தான் விளைச்சல். இரண்டிடத்து உழவரும் ஒன்றுபோலவே உழைக்கின்றனர், விளைவோ வேறு. விளைவைக் கொண்டு உழைப்பை அளந்தால் எம்மூர் உழவனுக்கு இழுக்குச் செய்தவர் ஆவோம். மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளையை அளப்பதும் அத்தகையதே.

உத்தமபாளையத்தில் கருப்பண்ணசாமி கோயிலை அடுத்த பாறையில் நம் தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அச்சணந்தி, அரிட்டநேமி முதலிய பெருமக்களின் பெயர்கள் வட்டெழுத்தில் அங்கு உள்ளன. உளி பிடித்த கைகளின் பெயர்கள் இல்லை. எனினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவ்வுருவங்களின் முன் கைகூப்புவோர் அக்கைகளின் உழைப்பையே காண்கின்றனர். வாய்ப்புள்ளோர் பிள்ளைகளுடன் சென்று ஒருமுறை வணங்கி வருக.

நாம் கூறும் விடை

இனி, உறவினர்க்கு நாம் எழுதிய விடையைக் கூறுவோம். முதலாவது, விரதத்திற்கு விலை பேச வேண்டா. முடித்த பின் மகிழ்ந்து ஒரு நூலோ இனிப்போ கொடுப்பது வேறு; முன்னரே ஒப்பந்தம் செய்வது வேறு. இரண்டாவது, பரிசுக்கென ஒதுக்கிய பணத்தைக் கொண்டு, கதிரவன் மறையுமுன் வகுப்பிலேயே அனைவர்க்கும் சுவையான உணவு சமைத்துப் பரிமாறுக. பிள்ளைகள் இரவில் உண்பதற்குப் பெரும்பாலும் ஆசை காரணமன்று. வீட்டில் அடுப்பு எரியும் நேரமே காரணம். மூன்றாவது, எத்தனை நாள் என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும். அணுவிரதம் என்பதே சிற்றளவில் ஏற்பது. வளரும் குழந்தையைப் பட்டினி போடுவது நோக்கமன்று. நான்காவது, தவறிய நாளைச் சுட்டி இகழ வேண்டா. ஐந்தாவது, பெரியோர் முதலில் கடைப்பிடிப்பாராக.

ஐந்தாவதை நாம் எங்குக் கற்றோம் எனில், அந்த நாற்பது கன்றுகளிடமே. குடங்கள் நின்றுபோன பின்னர், வேறு வழியின்றி நாமே குடத்தை இடுப்பில் வைத்து ஆற்றுக்குச் சென்றோம். நான்காம் நாள் அச்சிறுமி ஒன்றும் பேசாமல் உடன் நடந்தாள். அம்மாத இறுதியில் ஏழு பிள்ளைகள் வந்தனர். கணக்கு எழுதும் நோட்டை நாம் திரும்ப எடுக்கவில்லை. கன்றுகளுள் பிழைத்தவை பதினொன்று.

பேரனுக்குக் கூறிய விடையும் இதுவே: "ஒன்றும் தரமாட்டோம். ஆனால், ஐந்தரை மணிக்கு இலை போட்டு உன்னுடன் அமர்ந்து உண்போம்." தேனியில் பணி முடித்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் அவன் தந்தையும் மாலை உணவைக் கையோடு எடுத்துச் செல்லத் தொடங்கினான். பத்து நாள்களில் பேரன் ஆறு நாள் கடைப்பிடித்தான். நான்கு நாள் தவறினான். நாமும் ஒன்றும் கேட்கவில்லை. பருவம் முடிந்து சில வாரம் சென்றபின் ஒரு சதுர்த்தசியன்று மாலையில் பள்ளியிலிருந்து வந்தவன், பையை வைத்துவிட்டு, "பாட்டி, இன்றைக்கும் சீக்கிரம் சாப்பிட்டுவிடலாமா?" என்றான். என்ன தருவீர்கள் என்று அவன் கேட்கவில்லை.

ஆறு நாளா பத்து நாளா என்பது பெரிதன்று. முள் தைக்காத காலுடன் பிள்ளை முதலடி எடுத்து வைத்தானா என்பதே நாம் காண வேண்டுவது. நம் இல்லந்தோறும் அவ்வடி தொடர அருகன் அறநெறி துணை நிற்பதாக.

அறம் தழைக்க! அனைத்துயிரும் இன்புறுக!